செப்சிஸ் ஆய்வில் நோயாளியும் வீட்டாரும் கூட்டாளிகளாக: பினாங்கிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

தொற்று முற்றி வரும் செப்சிஸால் அம்மா ஐசியுவில் ஒன்பது நாள் கிடந்தார். அந்த ஒன்பது நாளில் ஒரு மணி நேரம்கூட இன்று அவர் நினைவில் இல்லை. "பெரட்டுக்கு நேரமாச்சு, கத்திய எங்க வெச்ச?" என்று, எப்போதோ விட்டுவந்த நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டக் கிளம்பிக்கொண்டே இருந்தார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது. எல்லாம் தொடங்கியது காலில் ஒரு செருப்புக்கடிப் புண்ணில். இருபது வருட இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. மூன்றாம் நாள் காய்ச்சலும் நடுக்கமும். பேச்சு குழறியது. "அம்மா வழக்கமாப் பேசற மாதிரி இல்ல, மிஸ்ஸி" என்று தாதியிடம் நான் சொன்னது எந்தத் தாளிலும் ஏறவில்லை.

பல மாதம் கழித்து, ஓர் ஆய்வுக்காகக் கேள்வித்தாளோடு ஒருவர் வீட்டுக்கு வந்தார். "நோய் ஆரம்பிச்சப்ப உங்களுக்கு என்னென்ன அறிகுறி இருந்துச்சு?" அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "அவங்களே சொல்லணும் அக்கா, நீங்க சொல்லக் கூடாது" என்றார் வந்தவர். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்தேன்" என்றார். அவரும் அதை எழுதிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு சில ஆய்வுக் குழுக்களில் வீட்டாள் என்ற முறையில் உட்கார்ந்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தும் இருக்கிறேன். செப்சிஸ் பற்றி ஆய்வு செய்யப்போகும் டாக்டர்கள், தாதியர், மாணவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நோயாளிகளை எப்படிக்கா உள்ள கொண்டுவர்றது?" அதற்கான பதில் கீழே இருக்கிறது. சில படிகள் நீளமாக இருக்கும், சில இரண்டு வரியில் முடிந்துவிடும். வேலையும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் ஒரு சொல். ஆங்கிலத்தில் இவர்களை ஆய்வின் 'பார்ட்னர்' என்கிறார்கள். தமிழில் 'பங்காளி' என்று பெயர்த்தால் நமக்குச் சொத்துத் தகராறுதான் நினைவுக்கு வரும். நம் மலேசியப் பேச்சில் 'கூட்டாளி' என்றால் நண்பன். சேர்ந்து தொழில் செய்கிறவன் என்ற பொருளும் அதற்கு உண்டு. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

முதல் படி: நோயின் பெயரைப் பேசி முடியுங்கள்

நம் ஆட்களிடம் 'செப்சிஸ் வந்ததா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். செப்சிஸிலிருந்து மீண்டவரே இல்லை என்பார். வார்டில் அவருக்கு மலாயில் சொல்லப்பட்டது 'குமான் டாலாம் டாரா'. அவர் வீட்டில் வந்து சொன்னது 'ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு'. அக்கம்பக்கத்தில் அது 'புண்ணு உள்ள போயிருச்சு' என்று ஆகியிருக்கும். ஆள் தேடும்போது நோயின் இந்த நாலு பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் குழு கூடியதும் சரியான விளக்கத்தையும் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் 'ரத்தத்தில் கிருமி' என்பது பாதி உண்மைதான். 2016இல் மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட வரையறைப்படி, கிருமித் தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலைதவறித் தன் உறுப்புகளையே சேதப்படுத்தி, உயிருக்கே ஆபத்தாகும் நிலைதான் செப்சிஸ். தொற்று நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ காலிலோ இருக்கலாம். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் எதுவுமே அகப்படாதவர்களும் நிறைய. நான் சொல்வது இப்படி: "வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான்னு அடிக்க ஆரம்பிச்சவன், விளக்கு அணைஞ்சதும் வீட்டு ஆளுங்களையே அடிக்கிறான்." இது புரிந்தபின் கேள்விகளின் தரம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அளவையும் சொல்லுங்கள். 2017இல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்து, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான கணக்கு சொல்கிறது. அந்த ஆண்டில் உலகில் நிகழ்ந்த சாவுகளில் ஐந்தில் ஒன்று. தனக்கு மட்டும் நேர்ந்த தலையெழுத்து என்று நினைத்திருந்தவர்கள் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டாம் படி: யாரை அழைப்பது, எப்போது அழைப்பது

மூன்று வகை ஆட்கள் வேண்டும். பிழைத்து வந்தவர், கூட இருந்து பார்த்துக்கொண்டவர், பறிகொடுத்தவர். பெரும்பாலான குழுக்கள் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன. மற்ற நோய்களுக்கு அது ஓரளவு செல்லும், செப்சிஸுக்குச் செல்லாது. நோய் தலைக்கேறும்போதே நினைவு தடுமாறிவிடுகிறது. எப்போது நடுக்கம் கண்டது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, கிளினிக்கில் என்ன சொல்லி அனுப்பினார்கள், எந்த நேரத்தில் பேச்சு மாறியது என்பதெல்லாம் மகளிடமோ மருமகளிடமோ பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த மகனிடமோதான் இருக்கிறது. சில வீடுகளில் இந்தோனேசியப் பணிப்பெண்ணிடம் இருக்கிறது. அவரையும் கேட்டவர் யாரையும் நான் இன்னும் பார்த்ததில்லை.

எங்கே தேடுவது? ஐசியு வாசலில் தேடாதீர்கள், அங்கே யாரும் யோசிக்கும் நிலையில் இல்லை. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார கிளினிக்கில் புண்ணுக்கு மருந்து கட்ட வருகிறவர்கள், இனிப்பு நீர் கிளினிக், டயாலிசிஸ் நிலையம், கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னிலையில். நீரிழிவு உள்ளவரை செப்சிஸ் எளிதில் பிடிக்கும். நம் மண்ணிலும் நீரிலும் வாழும், மெலியோய்டோசிஸ் என்ற தொற்று நோயைத் தரும் கிருமியும் அவர்களைத்தான் அதிகம் தேடி வருகிறது.

பெருநிலத்தையும் மறக்காதீர்கள். பினாங்கு ஆய்வு என்றால் தீவு என்றே பலர் நினைக்கிறார்கள். தோட்டங்களிலிருந்து பெயர்ந்து புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் வீடு எடுத்த நம்மவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

பறிகொடுத்தவர்கள் விஷயத்தில் என் கட்டுப்பாடு ஒன்று உண்டு. கருமாதி முடியும்வரை பேச்சே எடுப்பதில்லை. அதற்குப் பிறகும் ஆறு மாதமாவது விடுவேன். தலைத்திவசம் கழிந்தபின் அவர்களாகவே, "அன்னைக்கு நடந்தத யார்கிட்டயாவது சொல்லணும்" என்று வருவதுண்டு. அப்படி வருகிறவர்கள் குழுவில் மிக உறுதியானவர்களாக இருப்பார்கள்.

ஒற்றை ஆளை மட்டும் ஒருபோதும் அழைக்காதீர்கள். பத்து நிபுணர்களுக்கு நடுவே ஒரே ஒரு அக்காவை உட்காரவைத்தால் அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். குறைந்தது மூன்று பேர், முடிந்தால் ஐந்து.

மூன்றாம் படி: கேள்வி எழுதும் முன்பே கூடுங்கள்

இதுதான் முக்கியமான இடம். இங்கே தவறினால் மற்ற படிகளெல்லாம் ஒப்புக்குத்தான். பணம் வாங்கி, திட்டம் எழுதி, கேள்வித்தாளையும் அச்சடித்துவிட்டு "உங்கள் கருத்து?" என்று கேட்டால், எழுத்துப்பிழை திருத்துவதைத் தவிர அவர்களுக்கு என்ன வேலை? கல்யாணம் முடிந்தபிறகு பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பது போல.

முன்கூட்டி அழைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, எதை அளப்பது என்பது. ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக 28 நாளில் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். வீட்டாருக்கு 29ஆம் நாள்தான் தொடங்குகிறது. லிஃப்ட் பழுதான நாலு மாடி ஃபிளாட்டில் எப்படி ஏறுவது, தலைமுடி ஏன் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஏன் மறக்கிறார், வேலைக்கு எப்போது போகலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். இதெல்லாம் வெறும் புலம்பல் இல்லை. செப்சிஸிலிருந்து வீடு திரும்பியவர்களில் பாதிப் பேர்தான் தேறுகிறார்கள், மூன்றில் ஒருவர் அடுத்த ஓராண்டுக்குள் இறக்கிறார், ஆறில் ஒருவருக்குக் கடுமையான குறைபாடு நிலைத்துவிடுகிறது, ஏறக்குறைய நூற்றுக்கு 40 பேர் 90 நாளுக்குள் மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள் என்று 2018இல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு சொன்னது. அனைத்துலக செப்சிஸ் சிகிச்சை வழிகாட்டியும் 2021 பதிப்பில் நீண்டகால விளைவுகளுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியது. வீட்டார் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

இரண்டு, யார் பேச்சு எடுபடுகிறது என்பது. "வழக்கம்போல இல்லை" என்று வீட்டார் சொல்வதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியுமா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2007இல் ரையன் சாண்டர்ஸ் என்ற சிறுவன் தொற்றால் இறந்தான். பெற்றோரின் கவலை சரியாகக் கேட்கப்படவில்லை. அங்கே 2013இல் 'ரையன் விதி' வந்தது. இங்கிலாந்தில் 13 வயது மார்த்தா மில்ஸ் 2021இல் செப்சிஸால் இறந்தபிறகு, பெற்றோர் விடாமல் போராடி, 2024 முதல் 'மார்த்தா விதி' ஆஸ்பத்திரிகளில் நடைமுறைக்கு வந்தது. உள்ளே இருக்கும் நோயாளியின் நிலை மோசமாகிறது என்று பட்டால் வேறொரு மருத்துவக் குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்லிக் குடும்பமே அழைக்கலாம். இரண்டு விதியும் வீட்டாரின் துக்கத்திலிருந்து பிறந்தவை. நம் ஊரில் மூன்று மொழி பேசும் வார்டில், இரவு மூன்று மணிக்கு, ஒரு தமிழ்ப் பாட்டியின் மகள் அப்படிச் சொல்ல எது தடையாக இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒரு டாக்டரால் தன் மேசையில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது.

கேள்விகளைத் திரட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பிரிட்டனில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி, நோயாளி, வீட்டார், மருத்துவர் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, விடை தெரியாத கேள்விகளைப் பட்டியலிட்டு, முதல் பத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்கிறது. அதைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். கேள்விகளை அட்டைகளில் எழுதி மேசையில் பரப்பி, கையால் மேலும் கீழும் நகர்த்தச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தயங்குகிறவர்களுக்கு யாராவது உரக்கப் படித்துக் காட்டட்டும்.

நான்காம் படி: அனுமதியும் தாள்களும்

சுருக்கமாகச் சொல்கிறேன். சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரிகளிலோ கிளினிக்குகளிலோ நடக்கும் ஆய்வு தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவாகி, அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தக் குழுக்கள் உண்டு.

பலர் குழம்பும் இடம் இது: ஆலோசனை சொல்கிற கூட்டாளி வேறு, ஆய்வுக்கு உட்படுகிறவர் வேறு. படிவத்தைப் படித்துத் திருத்தம் சொல்கிறவர் உங்கள் குழுவைச் சேர்ந்தவர். அவருடைய பேச்சைப் பதிவுசெய்து, அதையே தரவாக ஆராயப்போகிறீர்கள் என்றால் அவர் பங்கேற்பாளர், அவரிடம் முறையாக ஒப்புதல் பெற வேண்டும். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கப்போகிறார் என்றால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். நோயாளிகளை எதற்கு மேசைக்கு அழைக்கிறீர்கள் என்று யாராவது புருவம் உயர்த்தினால், மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான, 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி அறிக்கையைக் காட்டுங்கள். ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பின்பும் பங்கேற்பாளரையும் சமூகத்தையும் ஈடுபடுத்த வேண்டும் என்கிறது அது.

ஐந்தாம் படி: பணம்

கூச்சப்படாமல் பேசுங்கள். நாள்கூலிக்காரர் ஒருவர் அரை நாள் வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. பஸ், கிராப், ஃபெர்ரி, பாலச் சுங்கம், பார்க்கிங் எல்லாம் இருக்கிறது. வீட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ள வேறொருவருக்குக் கொடுக்கும் காசும் இருக்கிறது. அன்றே, உறையில் வைத்து, கையில் கொடுங்கள். ரசீதைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்ன ஒரு குழுவிலிருந்து இரண்டு பேர் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்கள். பணத்துக்காக வந்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதே மேசையில் இருந்த மற்றவர்களெல்லாம் மாதச் சம்பளத்துக்குத்தான் வந்திருந்தார்கள். நலத்துறை உதவித்தொகையோ சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமோ வாங்குகிறவர் என்றால், இந்தப் பணம் அதைப் பாதிக்குமா என்று நீங்களே முன்னதாக விசாரித்துச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: கூட்டம்

அவர்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலேயே கூட்டம் வைக்காதீர்கள். மருந்து வாசனைக்கே வியர்த்துப்போய் வெளியே போய் நின்றவரைப் பார்த்திருக்கிறேன். கோயில் மண்டபம், நூலகத்து அறை, சமூக மண்டபம் எதுவும் ஆகும். தைப்பூச வாரத்தில் வேண்டாம், தண்ணீர்மலைப் பக்கம் வண்டி நகராது. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். செப்சிஸிலிருந்து மீண்டவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள், வெளியே தெரியாமல் சமாளிப்பார்கள். சாப்பாட்டையும் யோசியுங்கள். இனிப்பு நீர்க்காரர்கள் நிறைந்த ஒரு கூட்டத்துக்கு மைலோவும் குலாப் ஜாமுனும் வைத்த கொடுமையை நான் கண்டிருக்கிறேன். தே ஓ கொசோங் எனும் சர்க்கரை போடாத கறுப்புத் தேநீர், சுண்டல், அவ்வளவு போதும்.

மொழிதான் பெரிய விஷயம். "எல்லாருக்கும் மலாய் தெரியும்தானே" என்பார்கள். தெரியும். பாசாரில் மீன் வாங்க, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் தெரியும். கணவர் இறந்த இரவைச் சொல்ல அது போதாது. தமிழில் பேசட்டும், ஒருவர் மொழிபெயர்க்கட்டும். நேரம் இரண்டு மடங்காகும், ஆகட்டும். முதலில் தமிழில் பேசவிட்டு, பிறகு டாக்டர்களுக்குப் பெயர்த்துச் சொல்லுங்கள். வரிசையை மாற்றினால் அவர்கள் டாக்டர் சொன்னதற்கு ஆமாம் போடுவார்கள்.

"டாக்டர் முன்னாடி நான் என்னத்த பேசறது தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்கள் குழுவில் இருந்த இளம் டாக்டர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "ஐயா, உங்க வீட்டுக்காரம்மாவ நான் பதினஞ்சு நிமிஷம்தான் பாத்திருப்பேன். நீங்க நாப்பது வருஷம் பாத்தவரு. அந்த நாப்பது வருஷத்துல இருந்து சொல்லுங்க." பெரியவர் அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. நிறுத்தத்தான் சிரமப்பட்டோம்.

யாராவது அழுவார்கள். என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்து வைத்திருங்கள்: யார் கூட எழுந்து போவது, எந்த அறை, அன்று மாலை யார் ஃபோன் செய்து கேட்பது. அழுகிறார் என்பதற்காகப் பேச்சை மாற்றாதீர்கள்.

ஏழாம் படி: உண்மையான வேலை கொடுங்கள்

எங்கள் குழுவில் மிக உபயோகமாக இருந்தது ஒப்புதல் படிவம். செப்சிஸ் ஆய்வில் இது தனிச் சிக்கல். நோயாளி கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை, வீட்டார்தான் போட வேண்டும். ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போன நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்று சிகிச்சை வழிகாட்டி சொல்கிறது. அந்த நெருக்கடியில் பல பக்கத் தாளை நீட்டினால் யார் படிப்பார்? "எங்க போடணும்னு காட்டுங்க" என்று நானும்தான் கேட்டேன்.

தமிழ்ப் படிவத்தை உரக்கப் படிக்கச் சொன்னோம். மூன்றாம் வரியில் சிரிப்பு வந்துவிட்டது. அது தமிழ்தான், ஆனால் யாரும் பேசாத தமிழ். 'சமவாய்ப்பு ஒதுக்கீட்டு முறையில் நீர் தெரிவு செய்யப்படுவீர்' என்று இருந்தது. 'குலுக்கல்' என்று மாற்றலாமா என்றேன். ஒரு அக்கா உடனே மறுத்தார்: "எங்கப்பா உயிரு என்ன, நம்பர் எடுக்கற எக்கோரா?" எக்கோர் என்றால் நாலு நம்பர் லாட்டரி. சரிதான். கடைசியில் நின்ற வாசகம் இது: 'இரண்டு சிகிச்சையில் எது நல்லது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எது உங்களுக்கு என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார், கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும்.' முதல் வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னதும் அதே அக்காதான். அது இல்லாவிட்டால் டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றும் என்றார்.

நெருக்கடியில் ஒப்புதல் வாங்க வேறு வழிகளும் உண்டு. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு வந்த 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான திரவ சிகிச்சை ஆய்வில், நிலைமை மோசமாக இருந்த இடங்களில் பெற்றோரிடம் முதலில் வாய்மொழி இசைவு பெற்று, பிள்ளை நிலைப்பட்டபின் முழு விளக்கம் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்கினார்கள். உங்கள் ஆய்வுக்கு அது பொருந்துமா என்பதை நெறிமுறைக் குழுதான் சொல்ல வேண்டும். ஆனால் வாசலில் நிற்கும் மகளிடம் சொல்ல வேண்டிய முதல் நாலு வாக்கியம் எது என்பதை, அந்த வாசலில் நின்ற இன்னொரு மகளிடம் கேளுங்கள்.

இதைத் தவிர, நேர்காணல் கேள்விகளை ஒத்திகை பார்ப்பது, கிடைத்த முடிவுகளைப் படித்து 'இது ஏன் இப்படி' என்று சொல்வது, கட்டுரையில் உடன் எழுத்தாளராக வருவது எல்லாம் அவர்களால் முடியும். கட்டுரை எழுதும்போது, நோயாளிகளின் ஈடுபாட்டை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும் 2017ஆம் ஆண்டின் கிரிப்-2 சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். அவர்கள் சொல்லி எதை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை, ஏன் என்று எழுத அது உங்களை நெருக்கும். மாற்றாததை அவர்களிடமும் நேரில் சொல்லுங்கள்.

நீங்கள் ஆராய்ச்சியாளர் இல்லை, அழைக்கப்பட்ட வீட்டார் என்றால், சரி சொல்லும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் ஏற்கெனவே என்னென்ன முடிவாகிவிட்டது? நான் சொன்னால் எது மாறும்? முடிவு வந்ததும் என்னிடம் எப்போது சொல்வீர்கள்? இரண்டாவதற்குப் பதில் வரவில்லை என்றால் தே ஓவைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

எட்டாம் படி: கூட்டத்துக்கு முதல் நாள்

ஒவ்வொருவருக்கும் ஃபோன் போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், குரலைக் கேட்க வேண்டும். ஒருமுறை செப்சிஸ் வந்தவருக்கு மீண்டும் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். "கொஞ்சம் அசதியா இருக்கு, நாளைக்கு வந்துடுவேன்" என்று இழுத்தால் காய்ச்சலா, உடம்பு நடுங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, இன்று சிறுநீர் போனதா என்று கேளுங்கள். பிறகு ஃபோனை வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்லி, "அவர் பேச்சு வழக்கம்போல இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கூட்டம் கிடக்கட்டும், 999ஐ அழைக்கச் சொல்லுங்கள். வீட்டார் சொன்ன வார்த்தையையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.